பூக் கேட்ட வண்டி

கையை எடுத்துவிடு. அவர் திரும்புவதற்குள் எடுத்து மடியில் வைத்துக்கொள். மடியில் வைத்து, அங்கேயும் ஆடினால்? வேண்டாம், ஸ்டியரிங்குக்கு மாற்றிவிடு. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் தெரியாது. அம்மாவும் இப்படித்தான் ஒரு கையை இன்னொரு கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேட்டால் குளிருது என்பாள். சித்திரை மாதத்தில்.

சிங்காநல்லூர் சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றிருந்தது கார். முன்னால் நின்ற பேருந்தின் முதுகையே பார்த்துக்கொண்டு கோகிலாமணி இதையெல்லாம் நினைத்தாள். நினைத்தாளே தவிர, கையை எடுக்கவில்லை. கியர் குமிழின் மேல் இருந்த இடது கை மணிக்கட்டுவரை நடுங்கியது. கட்டைவிரல் தனியாகத் துடித்தது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் சென்னியப்பன் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்த மறு நொடியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஏதாவது கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். திரும்பிக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை.

"இன்னைக்கு வெயிலு கம்மிதான்," என்றார் வெளியே பார்த்தபடி.

"ஆமாங்க."

பச்சை விழுந்தது. கிளச்சை விட்டபோது காருக்கு அடியில் எங்கோ 'டொக்'கென்று சத்தம் கேட்டது. கொஞ்ச நாட்களாகவே அந்தச் சத்தம் இருந்தது. அவளுக்கு அதைப் பற்றி யோசிக்க இடமில்லை. மனம் முழுவதையும் கை பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் அம்மாவுக்கு இடது கையில்தான் ஆரம்பித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல அசைந்துகொண்டே இருக்கும். பிறகு தலை, பிறகு நடை, பிறகு பேச்சு. கடைசிக் காலத்தில் டம்ளரில் பாதிக்குமேல் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சென்னியப்பன் மாமியாரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ரசஞ்சோற்றைக் கரண்டியால் ஊட்டிவிடுவார். மருமகன் ஊட்டுகிறாரே என்று கிழவி வெட்கப்பட்டுத் தலையைத் திருப்புவாள். "ஆத்தா, வாயத் தொறங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அதட்டுவார். அவருக்கு எல்லாம் தெரியும். எப்படித் தொடங்கும், எப்படி முடியும் என்பது கோகிலாமணிக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரியும்.

அதனால்தான் இருவரும் பேசவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் தையல் மெஷின்களைப் போட்டு, பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் கோகிலாமணி. திருப்பூரிலிருந்து பனியன் துணிக் கட்டுகளைப் பேருந்தில் ஏற்றி இறக்கி அலுத்துப்போய், யாரோ ஓட்டித் தீர்த்த ஒரு சின்னக் காரை வாங்கினாள். ஓட்டக் கற்றுக்கொண்டாள். சென்னியப்பனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டர் போதும் என்பவர். எனவே அது அவள் கார். அதன் ஸ்டியரிங்கை வேறு யாரும் பிடித்ததில்லை. சூலூர் தாண்டிய பிறகு வரும் அந்த நீண்ட சாலையில் அவள் யாருக்கும் மனைவி இல்லை, அம்மா இல்லை, யாருக்கும் சம்பளம் கொடுக்கிறவளும் இல்லை. பாட்டுக்கூடப் போடமாட்டாள். இத்தனை வருடங்களில் தனக்குள் பேசிக்கொண்டதையெல்லாம் அந்தக் காருக்குள்தான் பேசிக்கொண்டாள்.

சில மாதங்களாகக் காலையில் எழுந்ததும் கொட்டகைக்குப் போய் ஒரு மெல்லிய ஊசியை எடுத்து நூல் கோப்பாள். முதல் முறையிலேயே கோத்துவிட்டால் அன்று நல்ல நாள். நூல் நுனி விலகிவிட்டால் மறுபடி முயல்வாள். நிதானமாகக் கோக்க நினைக்க நினைக்க விரல் தடுமாறும். கண்ணாக இருக்கலாம், பயமாக இருக்கலாம். ஆனால் அவள் தேர்ந்தெடுத்தது மூன்றாவது காரணத்தை, அம்மாவுக்கு வந்ததை. டாக்டரிடம் போகவில்லை. போனால் அதற்குப் பெயர் வைத்துவிடுவார்.

சிக்னலில் அவர் பார்த்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, சென்னியப்பன் அவளிடம் சொல்லாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டுவிட்டு வந்தார்.

அவர்கள் வீட்டில் பெரிய முடிவு எதையும் பூக் கேட்காமல் எடுத்ததில்லை. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். கேட்கிறவர் கேள்வியை மனதுக்குள் சொல்லிக்கொள்ள, கோயிலுக்கு வந்த ஏதாவது ஒரு குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கும். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். மகளின் கல்யாணம், கிணற்றுக்கு இடம், கொட்டகை போட்டது, எல்லாமே வெள்ளைப் பூ வந்த பிறகுதான்.

வெள்ளை அரளியைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத."

"சொல்லுங்க."

"கை நடுங்கறவ வண்டி ஓட்டறத நிறுத்திப்போடலாமான்னு ஆத்தாகிட்டக் கேட்டேன். வெள்ளப் பூ வந்துருச்சு."

நடுக்கம் என்ற சொல்லை அந்த வீட்டில் முதலில் சொன்னது அவர்தான். அதையும் அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் அவளிடம் சொல்கிறார். கோகிலாமணி அடுப்பைச் சின்னதாக்கினாள். கோபம் வரவில்லை. எங்கேயோ ஒரு மூலையில், அப்பாடா, மறைக்க வேண்டியதில்லை என்றுகூட இருந்தது. அந்த நிம்மதியின் ருசி அவளுக்குப் பிடிக்கவில்லை. தோற்றுப்போகிறவர்களுக்கு வரும் நிம்மதி அது.

"வண்டிய அங்கப்பனுக்குக் குடுத்தரலாம்னு பாக்கறேன். அந்தியூர் சந்தைல மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாக்கற ஆளு, இப்பக் காருக்குத் தரகு பாத்துட்டு இருக்காப்ல. ஞாயித்துக்கெழம வாரேன்னாப்ல."

"சரிங்க."

"துணி எடுத்துட்டு வாரதுக்கு வாடகை வேன் பேசிக்கலாம்."

"சரிங்க."

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது அவரையும் பயமுறுத்தியிருக்க வேண்டும். "காப்பி இருக்குதா?" என்று கேட்டார்.

மறுநாள் கொட்டகையில் இந்தச் செய்தியைக் கேட்டதும் உம்மல் குல்சும் மெஷினை நிறுத்திவிட்டாள். கோகிலாமணியிடம் ஆரம்பத்திலிருந்து தைக்கிறவள். திருப்பூர் போகும்போதெல்லாம் பின்சீட்டில் துணிக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து வருகிறவள்.

"வண்டியக் குடுக்கறீங்களா? எதுக்குக்கா?"

"போதும்னு தோணுச்சு."

"பொய்யி." குல்சும் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "சரி, குடுக்கறதுதான் குடுக்கறீங்க, அடியில 'டொக்கு டொக்கு'ன்னு அடிக்குதே, அதோடயா குடுப்பீங்க? வாங்கறவன் நம்மளத் திட்டுவான். உக்கடத்துல எங்கண்ணங்கிட்ட ஒருக்காக் காட்டிப்போடுங்க. நானும் வாரேன்."

பழுதான பொருளைச் சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் தலையில் கட்டுவது கோகிலாமணிக்கும் சரியாகப் படவில்லை. கடைசியாக ஒருமுறை ஓட்டலாம் என்ற ஆசையும் இருந்தது. கிளம்பினார்கள்.

குல்சுமின் அண்ணன் ரசாக்கின் ஒர்க்‌ஷாப் உக்கடம் தாண்டி, கரும்புக்கடை போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருந்தது. அவருக்கு நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் கைப்பேசியும் ஸ்பானரும் சேர்ந்தே இருந்தன. "அக்கா, எறங்குங்க, நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கறேன்" என்று ஓட்டுநர் இருக்கையில் ஏறிக்கொண்டார். கோகிலாமணி திறந்திருந்த கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அந்த இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்து பார்ப்பது அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

ரசாக் எஞ்சினை ஓடவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டார். "மொதல்ல ஸ்பார்க் பிளக்குல கோளாறுன்னு நெனச்சேன். ஆனா எஞ்சின் சீராத்தான் ஓடுது." இடது கையை கியர் குமிழின் மேல் வைத்தார்.

அவருடைய கை நடுங்கியது.

கோகிலாமணி பார்த்தாள். நகக்கண்ணில் கறுப்பேறிய, தடித்த, உழைத்துக் காய்த்த கை. மணிக்கட்டுவரை நடுங்கியது. கட்டைவிரல் தனியாகத் துடித்தது. முதலில் அவள் மனதில் வந்தது இரக்கம்தான். பாவம், இந்த வயதிலா? இவருக்குமா? தங்கைக்குத் தெரியுமா, இல்லை இவரும் பொத்தி மறைத்துக்கொண்டிருக்கிறாரா?

"ஏனுங் தம்பி," என்றாள் தயங்கி. "உங்க கை..."

"என்ற கைக்கு என்னங்க்கா?"

"ஆடுதுங்களே."

ரசாக் தன் கையையே குனிந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "வண்டி ஆட்டுது, கை ஆடுது. இந்தக் குமிழப் புடிச்சா யானைக்கும் கை ஆடுமுங்க."

"யானைக்கு ஏது கை?" என்றாள் குல்சும் பின்னாலிருந்து.

"தும்பிக்கை ஆடும். போ அக்கட்ட."

அவர் கையைக் குமிழிலிருந்து எடுத்துக் காற்றில் விரித்துக் காட்டினார். அசையாமல் நின்றது. மறுபடி குமிழில் வைத்தார். நடுங்கியது.

"மறுக்கா வைங்க தம்பி," என்றாள் கோகிலாமணி.

எதற்கு என்று புரியாமல் அவர் எடுத்தார், வைத்தார்.

"மறுக்கா."

"அக்கா, என்ற கைக்கு ஒண்ணுமில்லீங்க," என்றார் ரசாக் சற்று மிரண்டுபோய். "எஞ்சின் மவுண்டிங் போயிருச்சு. அவ்வளவுதான்."

கோகிலாமணி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரப்போகிறது என்று நினைத்தாள். வந்தது சிரிப்பு. குல்சுமுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சேர்ந்து சிரித்தாள். ரசாக் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார்.

காரில் மட்டும்தானா இப்படி ஆகிறது? இத்தனை மாதத்தில் இந்த ஒரு கேள்வியை அவள் தன்னிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை. துணி வெட்டும்போது கத்தரிக்கோல் கோட்டைவிட்டு விலகியதில்லை. கோலப்புள்ளி பிசகியதில்லை. அதையெல்லாம் அவள் கணக்கில் சேர்க்கவில்லை. அம்மாவின் கை கண்ணுக்குள் இருந்ததால், தன் கையை அவள் பார்க்கவே இல்லை.

ரசாக் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். "உறுதி பண்ணிக்கலாம். அக்கா, நீங்க உக்காருங்க. ஹேண்ட் பிரேக்க நல்லா இழுத்துப் போடுங்க. வலது கால் பிரேக்குலயே இருக்கட்டும். பஸ்ட் கியரு போட்டு கிளச்ச மெதுவா, மெதுவா உடுங்க. வண்டி நகரக்கூடாது, எஞ்சின் ஆப்பும் ஆகக்கூடாது. குல்சும், முன்னால நிக்காத, இப்படிப் பக்கத்துல வா."

கோகிலாமணி சாவியைத் திருகி, முதல் கியர் போட்டுக் கிளச்சை மெல்ல விட்டாள். கார் முன்னே போகத் திமிறியது.

"அங்கயே நிறுத்துங்க. அப்படியே. அப்படியே..."

"யா அல்லா, எஞ்சினு துள்ளுது!" என்றாள் குல்சும்.

"இப்ப ரிவர்ஸ் போட்டு அதே மாதிரி."

இந்தமுறை எஞ்சின் மறுபக்கம் சாய்ந்து, அடியில் டொக்கென்று இடித்தது. மாதக்கணக்காகக் கேட்ட சத்தம். கிளச்சின் அந்த ஒரு மயிரிழை இடத்தில் தன் இடது கால் அசையாமல் நிற்பதை கோகிலாமணி கவனித்தாள். யாருடைய காலையோ பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தாள்.

"எஞ்சின நேரா பாடில வெச்சு முடுக்கறதில்லீங்க," என்று ரசாக் அடியில் ஜாக்கியைத் தள்ளியபடி சொன்னார். "நடுவுல ரப்பர் இருக்கும். ஆட்டத்தப் பூராம் அது முழுங்கிக்கும். ரப்பர் செத்துப்போச்சுன்னா ஆட்டம் எங்க போகும்? ஸ்டியரிங்குக்கு, கியருக்கு, உக்காந்திருக்கற ஆளுக்கு. எத்தன மாசமா இப்படி ஓட்டறீங்க? சொல்ல வேண்டாமா?"

"என்ற கைதான் நடுங்குதுன்னு நெனச்சேன்," என்றாள் கோகிலாமணி.

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அது எவ்வளவு சின்ன வாக்கியம் என்று இருந்தது. குல்சும் சிரிப்பை நிறுத்தினாள். அவளுக்கு கோகிலாமணியின் அம்மாவைத் தெரியும். பக்கத்தில் வந்து, கோகிலாமணியின் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான் வண்டியக் குடுக்கறீங்களா?"

"அவரு பூக் கேட்டாரு. நிறுத்தச் சொல்லி வெள்ளப் பூ வந்துருச்சு."

குல்சும் கொஞ்சம் யோசித்தாள். "ஆத்தா சரியாத்தானேக்கா சொல்லிருக்கு? இந்த வண்டிய இப்படியே ஓட்டக்கூடாதுதான?"

பக்கத்துக் கடையிலிருந்து புது மவுண்டிங்குகள் வந்தன. அதற்குள் ரசாக் எஞ்சினுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்து ஜாக்கியால் தாங்கிப்பிடித்து, பாரம் விட்டதும் பழைய போல்டுகளைக் கழற்றியிருந்தார். பின்பக்க மவுண்டிங் வெளியே வரும்போதே இரண்டாகப் பிரிந்து வந்தது. இரும்பு ஒரு பக்கம், ரப்பர் ஒரு பக்கம். கோகிலாமணி அந்த ரப்பரை வாங்கி விரலால் அழுத்தினாள். காய்ந்த பனங்கிழங்குத் தோல்போல வெடித்திருந்தது. எதையும் முழுங்க அதில் இடமே இல்லை.

"கொஞ்சம் கெட்டி ரப்பரும் கெடைக்குது, ரொம்ப நாள் வரும்," என்றார் ரசாக். "ஆனா வேண்டாங்க. கெட்டி ரப்பர் போட்டா எஞ்சின் ஆடாது, நீங்க ஆடுவீங்க."

புதியவற்றை வைத்து போல்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். ஏன் முடுக்கவில்லை என்று கேட்டாள்.

"அவசரப்பட்டு முடுக்குனா ரப்பர் முறுக்கிட்டு நிக்குமுங்க. கொஞ்ச நேரம் ஓடட்டும். எஞ்சினு தானா ஒரு எடம் பாத்து உக்காந்துக்கும். அப்பறம் முடுக்கலாம்."

எஞ்சின் இடம் பார்த்து உட்காரும்வரை மூவரும் டீ குடித்தார்கள். கண்ணாடிக் கிளாஸ் விளிம்புவரை நிறைந்திருந்தது. கோகிலாமணி இடது கையில் வாங்கினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. சிந்தினாலும் பரவாயில்லை என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. என்றைக்காவது ஒருநாள் அது வரலாம். அம்மாவுக்கு வந்தது தனக்கு வராது என்று எந்த எஞ்சினும் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு இல்லை. நாளைக் காலையில் ஊசியில் நூல் கோக்கத் தேவையில்லை. தைப்பதற்கு வேண்டுமானால் கோத்துக்கொள்ளலாம். மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும். அது வேறு.

ரசாக் போல்டுகளை முடுக்கிக் கொடுக்க, கிளம்பினார்கள். திரும்பி வரும்போது கார் அவ்வளவு அமைதியாக இருந்ததில், சிக்னலில் நின்றபோது எஞ்சின் அணைந்துவிட்டதோ என்று இரண்டு முறை சாவியைத் தொட்டுப் பார்த்தாள்.

வீட்டு வாசலில் சென்னியப்பன் நின்றிருந்தார். இத்தனை நேரம் எங்கே போனாள் என்ற கவலை முகத்தில் அப்பியிருந்தது.

"ஏனுங்க, வண்டில ஏறுங்க."

"எங்க?"

"சும்மா. சிக்னல் வரைக்கும்."

அவர் ஏறினார். குல்சும் இறங்கிக்கொண்டு, "மாமா, இன்னைக்கு நல்லாப் பாத்துக்கங்க" என்று கதவைச் சாத்தினாள்.

சிக்னலில் சிவப்புதான் இருந்தது. கோகிலாமணி காரை நிறுத்தி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கையைக் குமிழின் மேல் வைத்தாள். எடுக்கவில்லை, மறைக்கவில்லை. மோதிரவிரலில் போட்டிருந்த கல் மோதிரத்தில் வெயில் ஒரே இடத்தில் நின்றது.

இந்த முறை சென்னியப்பன் திரும்பிக்கொள்ளவில்லை.

"நின்னுபோச்சு," என்றார்.

"வண்டிதாங்க ஆட்டிட்டு இருந்துது. அடியில ரப்பர் போயிருச்சாம். மாத்தியாச்சு. நீங்களே கைய வெச்சுப் பாருங்க."

அவர் தன் வலது கையை மெதுவாக அவள் கையின் மேல் வைத்தார். குமிழைத் தொட வைத்ததா, அவளைத் தொட வைத்ததா என்று அவருக்கே தெரிந்திருக்காது. நடுத்தெருவில், இத்தனை வண்டிகளுக்கு மத்தியில் அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

"உங்கம்மாளுக்கு ஊட்டுனவன்தான நானு," என்றார். குரல் உடைந்தது. "உனக்கும் வந்துருச்சுன்னு... எப்படிக் கேக்கறதுன்னு தெரியல அம்மிணி. அதான் ஆத்தாகிட்டப் போயிக் கேட்டேன்."

"எனக்கும் தெரியலீங்க. அதான் சரி சரின்னேன்."

இருவரும் முன்னால் நின்ற லாரியைப் பார்த்தபடி இருந்தார்கள். அவளுக்குள் பல மாதங்களாக முறுக்கிக்கொண்டு நின்ற ஏதோ ஒன்று, அவசரமில்லாமல் தன் இடத்தில் உட்கார்ந்தது.

சென்னியப்பன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வழக்கமான குரல் திரும்பிவிட்டது. "அங்கப்பனுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிப்போடறேன். ஆனா பாரு, ஆத்தா ஒருக்கா வாக்குக் குடுத்துருச்சு. அத மீறிட்டு ஓட்டறது எனக்கு ஒரு மாதிரி இருக்குது. நாளைக்குக் காத்தால ரெண்டு பேரும் போயி மறுக்காப் பூக் கேட்டுரலாம். கோகிலா வண்டி ஓட்டலாமான்னு நல்ல விதமாக் கேப்போம். வெள்ளதான் வரும். நீயும் வா."

அவர் ஆசையோடுதான் கேட்டார். வெள்ளைதான் வரும் என்று அவளுக்கும் தெரியும். கும்பிடப் போகலாம், மாவிளக்கு எடுக்கப் போகலாம், நன்றி சொல்லவும் போகலாம். பூவைத் தவிர எதற்கும் போகலாம்.

பச்சை விழுந்தது. அவள் அவர் கைக்கு அடியிலிருந்து தன் கையை நோகாமல் உருவி, முதல் கியரைப் போட்டாள். கிளச்சை விட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

"வேண்டாங்க," என்றாள்.